அம்மாவின் கல்லுக்கு வயது என்ன?

பிள்ளைகளே, இந்த நாட்டில் கல் உடைக்கப் போகிறவன் முதலில் கை கழுவ வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் வேலை முடிந்த பிறகுதான் நாங்கள் கை கழுவுவோம். பேர்த்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் எல்லாம் தலைகீழ். பாறைகளை இடித்து, அரித்து, அதற்குள் இருக்கும் சிர்கோன் மணிகளைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. மணி என்றாலும் மணலளவுதான். பாறை தேய்ந்து மண்ணாய்ப் போனாலும் அது அழியாது. கண்டங்களின் நிலம் எப்போது இறுகியது என்று அதைக் கேட்டுத்தான் அறிகிறார்கள். வேறு பாறையின் ஒரு மணல் அரிதட்டில் ஒட்டியிருந்தால் போதும், வயது பொய்யாகிவிடும். அதனால் கதவுக்கு வெளியே ஒரு கிண்ணம். மோதிரத்தை அதில் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும்.

முதல் நாள் என் மோதிரத்தைக் கண்ட மேலாளர் ஹெலன், "ஓ, சிர்கோன்! பியூட்டிஃபுல்!" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனையில் அப்படிச் சொன்னால் சண்டை வரும். நிறமில்லாத சிர்கோனுக்கு ஊரில் மாத்தறை வைரம் என்று பெயர். வைரம் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல் அது.

"நோ மேடம், டயமண்ட். மை மதர்," என்றேன்.

"யுவர் மதர்ஸ் சிர்கோன்! லக்கி மேன்!"

உருப்பெருக்கியைக் கையில் தந்தார். கல்லின் பின்பக்க விளிம்புகள் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. வைரத்தில் அப்படித் தெரியாதாம்.

என் கல்யாணத்துக்கு அம்மா தன் ஒற்றை வைரத்தைக் கழற்றித் தந்தார். செட்டியார் தெரு நகைக்கடையில் வேலை செய்த அண்ணன், உங்கள் பெரியப்பா, அதை என் மோதிரத்தில் பதித்துக் கொண்டுவந்தார். "இந்தாடா, அம்மா உன்ர கையில இருக்கிறா," என்று அவரே போட்டுவிட்டார். அம்மா செத்த செய்தி வந்தபோது போக முடியாமல் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன். நீங்கள் பொய் சொன்னபோதெல்லாம் அதில்தான் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன்.

அன்று பின்னேரமே அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, அம்மாட கல்லு எங்க?"

"உன்ர கையிலதானே கிடக்குது. வெயில் கூடிப்போச்சோ அங்க?"

"இது மாத்தறை வைரம் எண்டு சொல்லுறாங்கள்."



"இவ்வளவு வருஷமா மினுங்கினதுதானே? மினுங்கேல்லை எண்டு எப்பவாவது சொன்னனீயோ?"

"நான் கேட்டது அம்மாட கல்லை."

"வெள்ளைக்காரியின்ர கதையைக் கேட்டு அண்ணனையே கள்ளனாக்குறாய் என்ன? வை போனை."

அவரே வைத்துவிட்டார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஹெலன் கல்லைக் கழற்றி இயந்திரத்தில் வைத்தார். அதன் கதிர் கல்லில் மயிரிழையளவு ஒரு குழி போட்டது. "பிறக்கும்போது சிர்கோன் யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது," என்று எனக்கு விளங்கும்படி மெல்லச் சொன்னார். உள்ளே காணும் ஈயம் வெளியாலிருந்து வந்ததல்ல. உள்ளே இருந்ததுதான் மெல்ல மெல்ல ஈயமாய் மாறியதாம். அந்த ஈயத்தை வைத்தே வயதைக் கணிக்கிறார்கள். எனக்கு அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது.

வயது ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேல். அப்போது இலங்கையும் இந்த நாடும் ஒரே பெருநிலமாய் ஒட்டிக் கிடந்தனவாம். "சேம் லேண்ட்! யூ ஆர் ஹோம்!" என்று ஹெலன் என் தோளைத் தட்டினார். நான் அழுததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரியப்பாவோடு அப்பா ஏன் கதைப்பதில்லை என்று கேட்டீர்கள். இதுதான் காரணம். நீங்கள் கதையுங்கள், நான் தடுக்கமாட்டேன். சத்தியம் மட்டும் இனிக் கேட்கமாட்டேன். அந்தக் கல் பொய் சொல்லவில்லை, ஆனால் அதைக் காட்டி உங்களுக்குப் பொய் சொன்னவன் நான்.

மோதிரத்தை இன்னும் போடுகிறேன். காலையில் கிண்ணத்தில் வைத்து, விரலில் வெளுத்துக் கிடக்கும் வளையத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன். என்னிலிருந்து எங்கள் ஊரின் ஒரு மணல் உள்ளே விழுந்தாலும், இந்த நாட்டின் வயது பிழையாகிவிடும்.