எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று

என் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. அரசாங்கக் கோப்பு மாதிரி ஒவ்வொரு மேசையிலும் நின்று நின்று போனது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு மாலை வெளிச்சம், பிறகு அச்செழுத்து, கடைசியாக மனைவியின் முகம். அச்செழுத்து போனபோதுதான் அதிகம் அழுதேன் என்பதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீடு நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அவற்றின் முதுகைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய நிலையில், சிதம்பரம் வடக்கு வீதிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டு டிவியின் பின்னால் மனைவி ஒரு குச்சியைச் செருகினாள். விரல் நீளம்தான் இருக்கும். இணையத்திலிருந்து படங்களையும் தொடர்களையும் இறக்கிக் காட்டும் குச்சி. அதன் ரிமோட்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் ஒரு பெண் பேச ஆரம்பித்துவிடுவாள். திரையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோமோ அதை வாசிப்பாள். வலது பக்கம் ஒரு அழுத்து, அடுத்த படத்தின் பெயர். கீழே ஒரு அழுத்து, அடுத்த வரிசை. ஆங்கிலப் பெயர்களைக் கௌரவமாகவும் தமிழ்ப் பெயர்களை வாயில் பல் கட்டிய புதிதில் முறுக்குத் தின்கிறவர் மாதிரியும் வாசிப்பாள். எனக்கு அது போதும்.

அவளைவிட முக்கியமான இன்னொருத்தி உண்டு. சில வெளிநாட்டுத் தொடர்களில், கதாபாத்திரங்கள் பேசாத இடைவெளியில் புகுந்து, நடப்பதைச் சொல்லும் குரல். 'அவள் கையுறையைக் கழற்றி அடுப்பில் போடுகிறாள்.' 'அவன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான்.' அதிகம் பேச மாட்டாள், கருத்துச் சொல்ல மாட்டாள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் கிடையாது.

அவள் வருவதற்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவன் என் மச்சான். மனைவியின் தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருசக்கர வண்டி உதிரிப் பாகங்கள் கடை வைத்திருக்கிறான். மாதம் ஒரு முறை முதுநகர்த் துறைமுகத்திலிருந்து வஞ்சிரம் வாங்கிக்கொண்டு சிதம்பரம் வருவான். மீன் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் நடப்பதைச் சொல்வான்.

"இப்ப என்னாடா நடக்குது மச்சான்?"

"ஒண்ணும் இல்ல மாமா. சும்மா நடந்து போறான்."

"சும்மா நடந்து போறதுக்கா இவ்ளோ வயலினு?"

"வேகமா நடக்குறான் மாமா."

அந்த வயலின் முடிந்தபோது ஒரு குடும்பமே தீர்ந்து போயிருந்தது என்று மூன்று பகுதிகள் தள்ளித்தான் எனக்குத் தெரிந்தது. இவன் அந்த நேரத்தில் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒரு பொங்கலுக்கு வந்தவன் என் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டான். பக்கத்து வீட்டில் காபிப்பொடி கேட்கிற மாதிரிதான் கேட்டான். நம் குடும்பங்களில் ஒருவர் சந்தா கட்டினால் அது பங்காளி, சம்பந்தி வரைக்கும் பாய்வது வழக்கம். தடுத்தால் நாளைக்கு யாரும் காதுகுத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். கொடுத்தேன். உனக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்துகொள், என் பெயரில் இருக்கும் பக்கத்துக்குள் நுழையாதே என்றும் சொன்னேன்.

"ஒரே குடும்பம் தான மாமா, தனியா என்னாத்துக்கு?" என்றான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. நான் நாலாம் பகுதியில் விட்ட தொடரை மறுநாள் திறந்தால் ஏழாம் பகுதியில் யாரோ ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பார்கள். பார்வையுள்ளவர்கள் ஒரு நொடியில் திரையைப் பார்த்து, விட்ட இடத்துக்குப் போய்விடுவார்கள். நான் பொத்தானை அழுத்தி அழுத்தி, குரலைக் கேட்டுக் கேட்டு, செத்தவர்களை உயிரோடு எழுப்பிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அதைவிடக் கொடுமை, விவரிக்கும் குரலை அவன் அணைத்துவிடுவான். கடலூரில் அணைத்தால் சிதம்பரத்திலும் அவள் வாயடைத்துப் போவாள்.

"அந்தம்மா தொணதொணன்னு ஜாஸ்தி பேசுது மாமா. நாங்கதான் பாக்குறோமே, அது வேற என்னாத்துக்கு சொல்லணும்?"

ஒரு தொடரைத் திணறித் திணறிக் கடைசிப் பகுதிவரை கொண்டு வந்திருந்தேன். போன் வந்தது. "மாமா, டாக்டருதான் மாமா கொலகாரன்! நெனச்சே பாக்கல இல்ல?" என்றான். நினைத்துப் பார்க்க நேரம் கொடுத்தால்தானே நினைப்பதற்கு.

கண் போன பிறகு வாழ்க்கையில் எல்லாவற்றையும் யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். படி வருது, பள்ளம் வருது, நாய் படுத்திருக்கு, டாக்டர்தான் கொலைகாரன். ஒரே ஒரு முடிவையாவது, யாரும் சொல்லாமல், என் காதாலேயே நான் போய் முட்டிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது என் லட்சியமாக இருந்தது. இந்த வயதில் எனக்கு வாய்த்த லட்சியம் அவ்வளவுதான்.

அடுத்த தொடர், பனி கொட்டும் ஏதோ ஒரு மலைக் கிராமத்துக் கொலைகள். வாரம் ஒரு பகுதியாக விட்டார்கள். இந்த முறை மச்சானால் முந்த முடியாது. கடைசிப் பகுதி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குளித்து, காபி குடித்து, ரிமோட்டோடு உட்கார்ந்தேன். அழுத்தினேன். குச்சிக்குள் இருப்பவள் நிதானமாக வாசித்தாள்: உங்கள் கணக்கு வேறொரு சாதனத்தில் பயன்பாட்டில் உள்ளது.

நான் வாங்கியது மலிவான சந்தா. ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் ஓடும். போன் போட்டேன்.

"மச்சான், நிறுத்துடா. நான் பாக்கணும்."

"மாமா, குறிஞ்சிப்பாடிலேர்ந்து மாமனாரு வீட்டுல எல்லாரும் வந்திருக்காங்க மாமா. இப்பதான் போட்டோம். நீங்க சாயந்தரமா பாருங்களேன்."

"அதுக்குள்ள நீ சொல்லிடுவ."

"சொல்லாம? முடிஞ்ச ஒடனே போன்ல பூரா கதையும் சொல்லிடறேன். நீங்க எப்புடியும் கேக்கத்தான மாமா போறீங்க? டிவில கேட்டா என்னா, என் வாயால கேட்டா என்னா?"

பின்னால் அவன் மாமனார் சிரிப்பது கேட்டது. அது வேறு எதற்காவது சிரித்த சிரிப்பாக இருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கைபேசியில் கணக்கின் அமைப்புகளுக்குள் போனேன். கைபேசியும் எனக்கு வாசித்துக் காட்டும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். சந்தா விவரம். மொழி. அறிவிப்புகள். பிறகு, காதில் தேன் பாய்கிற மாதிரி ஒரு வாக்கியம்: எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று. இரண்டு தட்டு தட்டினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. என் கல்யாணத்தில் ஐயர் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன். கையோடு கடவுச்சொல்லையும் மாற்றினேன். புதிய கடவுச்சொல்லை அச்சில் சொல்ல முடியாது, அது ரகசியம் என்பதால் மட்டும் அல்ல.

எல்லாச் சாதனங்களிலும் என் டிவியும் அடக்கம் என்பது அப்புறம்தான் உறைத்தது. திரையில் ஒரு க்யூஆர் கட்டம் காட்டப்படுகிறது, அதைக் கைபேசியால் ஸ்கேன் செய்து உள்ளே வரலாம் என்றாள் குச்சிக்குள் இருப்பவள். அந்தக் கட்டம் எந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. சமையலறையைப் பார்த்து உதவி கேட்டேன். அதற்குள் கடலூரிலிருந்து அங்கே தகவல் போயிருந்தது.

"எந்தம்பி வீட்டுல சனம் பூரா டிவிய பாத்துக்கினு உக்காந்திருக்காம். நீங்க என்னா வேல பாத்தீங்க?" என்றாள் மனைவி. "நீங்களே பண்ணது, நீங்களே அவுத்துக்குங்க."

கைபேசியைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக, மெதுவாகச் சுற்றினேன். தில்லைக் கோயிலில் தீட்சிதர் தீபாராதனை காட்டுவது போல இருந்திருக்கும், மணிதான் குறை. அதற்கும் ஏற்பாடாகிவிட்டது. கட்டத்தைக் கைபேசி பிடிக்கப் போகும் நேரம் பார்த்து மச்சானின் அழைப்பு மணி அடித்தது.

"மாமா, ஏதோ வெளிய தள்ளிடுச்சு மாமா! பாஸ்வேர்ட தப்புங்குது! கரெக்டா அவன் கதவத் தொறக்குற நேரம்!"

"அப்புடியா? யாரு தொறக்குறான்?"

"அதான் மாமா தெரியல! புது பாஸ்வேர்டு சொல்லுங்க மாமா, மாமனாரு எம்மூஞ்சியவே பாக்குறாரு!"

"பாக்கட்டும். அவருக்குக் கண்ணு நல்லா இருக்கு."

வைத்துவிட்டேன். மறுபடியும் தீபாராதனை. இந்த முறை கைபேசி அதிர்ந்தது. தெய்வம் இறங்கிவிட்டது. விவரிக்கும் குரலைப் போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கேட்டேன். இடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அங்கிருந்தும் முனகியது. அந்த முனகல் பின்னணி இசைக்கு நன்றாகவே பொருந்தியது.

கதவு திறக்கும் காட்சி வந்தது. அதில் வசனமே இல்லை. காற்று, பனியில் காலடிச் சத்தம், பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் அவள் ஒரே வரியில், யாருடைய கை கதவைத் திறக்கிறது என்று சொன்னாள். எனக்கு நாற்காலியில் முதுகு நிமிர்ந்துவிட்டது. நான் சந்தேகப்பட்ட ஆள் இல்லை. யாரென்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

மனைவி எப்போதோ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "அடப்பாவி, இவனா?" என்றாள். பிறகு, "தம்பிக்கு சொல்லிடட்டா?" என்றாள்.

"சொன்னா ஒந்தம்பிக்கு பாஸ்வேர்டு கெடையாது."

அவள் சொல்லவில்லை. ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் மீனும் கிடையாது, ரசத்தில் உப்பும் கிடையாது. அதற்கப்புறம் நானே இறங்கி வந்து மச்சானுக்குப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அதற்கு முன்னால் என் பக்கத்துக்கு ஒரு பூட்டு எண் போட்டேன். அவன் பெயரில் தனியாக ஒரு பக்கமும் திறந்து வைத்தேன். வயது என்ன என்று கேட்டது. குழந்தை என்று போட்டேன்.

அன்று சாயங்காலமே அழைப்பு வந்தது. "மாமா, என்னா மாமா இது? எங்க தொட்டாலும் யான பாடுது, பஸ்ஸு ஆடுது! அந்தக் கொலயக் காணமே!"

"நல்ல யான மச்சான். உக்காந்து பாரு."

"அதயில்ல மாமா, அந்தக் கதவ யாரு தொறந்தான்னு மட்டுமாவது சொல்லுங்க. கடைல ஸ்பார்க் பிளக்கு கேட்டா செயின் எடுத்துக் குடுக்குறேன் மாமா. மாமனாரு வேற தெனம் கேக்குறாரு."

குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. என் மனம் இளகும் என்று நானும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். இளகவில்லை.

"தீவாளிக்கு வா, பேசிக்கலாம்" என்றேன்.