ரிலே என் கையில் இருந்தது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நடுவில் புகுந்து கேலி செய்து அந்தக் கதையைக் கெடுப்பதுதான் நாற்பத்தொன்பது வயது வரை என் பொழுதுபோக்கு. அதனால் இப்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு ஊரப்பாக்கத்தில் டைல்ஸ் கடை. போன வருஷம் யூடியூப் பார்த்துப் பார்த்துப் புத்தி கெட்டு, சொந்தமாக ஒரு கார் கட்டுவது என்று இறங்கினேன். காயலான் கடையில் ஒரு பழைய ஜீப்பின் சேஸிஸும், அதாவது அடிச்சட்டமும், இன்ஜினும் கிடைத்தன. தகரத்தில் பாடி அடிக்கக் கேட்ட விலைக்குப் பயந்து, திருவிடந்தைப் பக்கம் ஒரு குப்பத்தில் ஃபைபர் படகு செய்யும் ஏழுமலையைப் பிடித்தேன். படகு செய்கிறவன் கார் செய்ய மாட்டானா என்பது என் கணக்கு. அவனும் செய்தான். நீலமும் வெள்ளையுமாக, முன்பக்கம் சற்றே தூக்கி, கடலில் தள்ளினால் மிதக்கும் போல ஒரு கார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, குளிக்கிற தொட்டிக்கு எதற்கு நாலு சக்கரம் என்று கேட்டாள்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹெட்லைட் ஒயரிங் செய்யக் கரையோரம் இருக்கும் ஏழுமலையின் கொட்டகைக்குப் போயிருந்தேன். இன்ஜினுக்கு இன்னும் உயிர் வரவில்லை, விளக்காவது எரியட்டும் என்று ஒரு ஆசை. மதியத்துக்குள் திரும்ப வேண்டிய ஒரு படகு திரும்பவில்லை என்று கரையில் பேச்சு வந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு மணிக்குத் தூறலும் காற்றும் பிடித்தன. ஊரில் கரண்ட் போனது, கரையில் இருந்த உயரமான விளக்குக் கம்பமும் செத்தது. அதற்குப் பிறகுதான் அது ஏழுமலையின் தம்பி கன்னியப்பன் போன படகு என்று எனக்குத் தெரிந்தது. அவனோடு இரண்டு பேர். போனும் போகவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு வர நேரமாகி இருட்டிவிட்டால் ஏதாவது ஒரு வண்டியை மணலில் இறக்கி, ஹெட்லைட்டைக் கடலைப் பார்த்துப் போட்டு வைப்பார்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் தெற்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன, இருட்டில் அதில் மோதினால் ஃபைபர் படகு அப்பளம்தான். அன்றைக்கு மழையில் மண்பாதை சேறாகி, அவசரத்துக்கு அழைத்த ஷேர் ஆட்டோ சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கமே புதைந்து நின்றுவிட்டது. மணலில் ஏற்கெனவே நின்ற ஒரே வண்டி என்னுடைய தொட்டிதான். ஐந்தரை மணிக்குப் பத்துப் பேர் சேர்ந்து அதைத் தள்ளி, மூக்கைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள்.

"அண்ணாத்த, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றான் ஏழுமலை.

"கால் மணி நேரம்டா" என்றேன். எந்த மெக்கானிக்கும் சொல்கிற பொய்தான் அது, நானும் மெக்கானிக் ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை கூட, பாருங்கள் என் லட்சணத்தை.

செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்தேன். விளக்குகளைப் பொருத்தி, பேட்டரியைக் கொடுத்து, சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமில்லை. இன்னொரு முறை தட்டினேன், கும்பிட்டுவிட்டுத் தட்டினேன், திட்டிவிட்டுத் தட்டினேன். கன்னியப்பனின் மனைவி அஞ்சலை வந்து காரின் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஒரு கையை மட்டும் முன்சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

"எரியுமாண்ணா?"

"எரியும்மா."

இந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு ஒவ்வொரு ஒயரையும் மறுபடி முதலிலிருந்து இழுத்துப் பார்த்தேன். இதுவரை நான் செய்ததெல்லாம் விளையாட்டு, இப்போது மூன்று உயிர் என் ஒயரில் தொங்குகிறது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

ரிலேதான் போயிருக்கும் என்று நினைத்தேன். ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. சுவிட்சைத் தட்டினால் அது உள்ளே டிக்கென்று ஒட்டி, பேட்டரியின் கரண்டை நேராக விளக்குக்கு விடும். அது இல்லையென்றால் கரண்ட் போக வழியே கிடையாது, ஆற்றுக்கு நடுவில் பாலத்தைப் பிடுங்கிய மாதிரி. அதைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, டார்ச்சில் அதன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஏழு இருக்கும்.

நம்பினால் நம்புங்கள். என் கைக்குள் அது டிக் என்றது. எதிலும் மாட்டாத ரிலே, பொத்திய கைக்குள் வண்டு துடிப்பதுபோல ஒரு துடிப்பு. அதே நொடியில் இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தன.

எரிந்தன என்றால் சும்மா இல்லை, மழைத்தூறல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற வெளிச்சம், அலைக்கு அந்தப் பக்கம் வரை. எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். அவர்களுக்கு அது சந்தோஷம், அண்ணாத்த சாதித்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். அண்ணாத்த அந்த நேரத்தில் ரிலேயைத் தேளை உதறுவதுபோல உதறிவிட்டு, ஒரு செருப்போடு கொட்டகையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நான் கூப்பிட்டது எந்தச் சாமியையும் இல்லை, என் மனைவியின் பெயரைத்தான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். போகிற வழியில் வலைக் குவியலில் கால் மாட்டி, உருண்டு, இரண்டு கையும் உள்ளே போய், திமிறத் திமிற இறுகி, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக் கிடந்தேன். அந்த வலைக்கு அன்று அகப்பட்டது நான் மட்டும்தான்.

அப்படிக் கிடந்தபடியேதான் படகு வந்ததைப் பார்த்தேன். பாறையைத் தொடாமல், வெளிச்சத்தின் நடுவே நேராக வந்தது. ஆட்கள் தண்ணீரில் இறங்கிப் பிடித்தார்கள். அஞ்சலை எழுந்து ஓடவில்லை, உட்கார்ந்தபடியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். படகின் மூக்கு மணலில் தட்டியதும் விளக்குகள் அணைந்தன. அதற்குப் பிறகு என்ன செய்தும் எரியவில்லை.

மறுநாள் அணுபுரத்திலிருந்து என் மச்சினனைக் கூட்டிப்போனேன், எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவன். அவன் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தான். விளக்கிலிருந்து கரண்ட் திரும்பிப் போக எர்த் ஒயர் வேண்டும், தகர பாடி என்றால் எங்கே முடுக்கினாலும் சரி. நான் யூடியூப்காரன் சொன்னபடியே இரண்டு விளக்கின் எர்த்தையும் பாடியில் முடுக்கியிருக்கிறேன். என் பாடி ஃபைபர். பிளாஸ்டிக் வாளியில் எர்த் அடித்த மாதிரி.

"இது ஜென்மத்துக்கும் எரியாது மாமா."

"எரிஞ்சுதேடா. ரிலே வேற என் கையில இருந்துது."

அவன் சாக்கெட்டை முகர்ந்தான், பாடியை நக்கியே பார்த்தான். உப்புத் தண்ணி, அது எல்லா இடத்திலும் புகுந்து கரண்டைக் கடத்தியிருக்கும், அவ்வளவு வெளிச்சம் வந்ததாக நினைத்தது உங்கள் பயம், கையில் டிக் என்றது உங்கள் நரம்பு என்றான். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. உப்புத் தண்ணி! அதைப் பிடித்துக்கொண்டேன். எர்த்தை இரும்புச் சேஸிஸில் முடுக்கினான், புது ரிலே போட்டான், விளக்கு ஒழுங்காக எரிந்தது, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கன்னியப்பன் டீயோடு வந்தான். நான் பெருந்தன்மையாக, கடைசி நேரத்தில்தான் எரிந்தது, மன்னிச்சுக்கோ என்றேன்.

"இன்னா கடைசி நேரம்? ஆறு மணிலேர்ந்து போட்டுகினுதான இருந்த. அத்த பார்த்துதான பாதி செத்த இன்ஜின மெதுவா தள்ளிகினு வந்தோம். இல்லாங்காட்டி தெக்கால போய் கல்லுல அடிச்சிகினு இருப்போம்."

ஊரில் வேறு ஏதாவது வெளிச்சமாக இருக்கும் என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

"மொதல்ல வடக்கால ஒரு லைட்டு மட்டும். ரொம்ப நேரம் ஒண்ணுதான். அப்பாலதான் தெக்கால ரெண்டாவது வந்துச்சு. ஏண்ணா, ஒண்ணு மக்கர் பண்ணிச்சா?"

படகில் இருந்த மற்ற இருவரையும் தனித்தனியாகப் போய்க் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள்.

கடலைப் பார்த்து நின்ற காரில் வடக்குப் பக்கம் என்பது இடது விளக்கு. அதை நான் முடுக்கி முடித்தது ஆறு மணிக்கு. வலது விளக்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியது ஆறரைக்கு. அதுவரை பேட்டரியை வண்டியில் வைக்கவே இல்லை. ஒரு முழ தூரத்தில், என் முகத்துக்கு நேராக, செல்போன் டார்ச்சைத் தவிர ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் இருந்த விளக்குகள் அவை. இதற்கு என்ன சொல்கிறாய் என்று மச்சினனிடம் கேட்டேன். அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகுது, கிளம்பலாம் மாமா என்றான்.

கன்னியப்பனிடம் இதை நான் சொல்லவில்லை. வலை நிறைய நல்ல பாடு வந்தால், லைட்டு போட்ட அண்ணாவுக்கு என்று வஞ்சிரமோ சங்கராவோ ஊரப்பாக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறான். என் மனைவிக்குச் சந்தோஷம். நானும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அது யாருக்குச் சேர வேண்டிய மீன் என்றுதான் தெரியவில்லை.