முதலாளியம்மாவின் கோபம்

"அப்படியே நில்லுங்க... அவ்வளவுதான்... இப்போ இந்தப் பக்கம் திரும்புங்க. வயித்துல கூசுதா? சரி, அங்க வேணாம்."

சலூன்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீப்பை மெல்ல இழுத்துக்கொண்டிருக்கிறார். காலையில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்ததும் நடக்கிற முதல் வேலை இது. எதிரே நிற்பது ஒரு நாய். பழுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, நரைத்துப்போன முகவாய், சற்றே தடித்த இடுப்பு. நான் பெஞ்சில் காத்திருக்கிறேன். இன்றைக்கு முதல் ஆளாக உட்கார்ந்துவிட வேண்டும் என்று பல் விளக்கிய கையோடு ஓடி வந்தவன். இந்தக் கடையில் அந்தப் பெருமை மனிதர்கள் யாருக்கும் கிடைக்காது.

"இது அவங்க சீப்பு, சார். உங்க சீப்பு வேற" என்பார் ஒவ்வொரு முறையும். தெரியும். அவங்க சீப்பு தனி ஆணியில் தொங்குகிறது. அதில் ஒரு பல்கூட உடைந்ததில்லை. என் சீப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நாயின் பெயர் முதலாளியம்மா. குட்டியாக வந்த நாளிலேயே கல்லாப்பெட்டி மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் மேலும் கீழும் பார்த்ததாம். "ஒரு வேலையும் செய்யாம, நாம வேலை செய்யறத மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. வேற என்ன பேர் வைக்கறது?" என்பது சலூன்காரரின் விளக்கம். கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "அப்போ நான் யாராம்?" என்று கேட்டிருக்கிறார். "நீ நிர்வாகம்" என்றாராம் இவர். அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பொதுவாகவே அதிகம் பேசுகிறவர் இல்லை.

அந்தக் குறையைச் சலூன்காரர் தீர்த்துவைக்கிறார். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. என் தலையில் அவருடைய கைக்குப் பெரிய வேலை கிடையாது. பிடரியில் ஒரு வரிசை, காதோரம் கொஞ்சம், தீர்ந்தது. மீதி நேரமெல்லாம் என் காதுக்குத்தான் வேலை. அடுத்த தெருவில் அடைத்துக்கொண்ட சாக்கடை, வாடகைக் காரில் வந்து இறங்கி சொந்தக் கார் என்று சொன்ன யாரோ ஒரு மாப்பிள்ளை, தன்னுடைய முழங்கால் வலி. முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவன் "ம்" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? ஆள் இல்லாத நேரத்தில் எல்லாம் முதலாளியம்மாவிடம் போகும். "பார்த்தீங்களா, மீசைய எடுன்னு அவரேதான் சொன்னாரு. எடுத்ததும் ஐயோங்கறாரு." முதலாளியம்மா படுத்தபடியே ஒரு காதை மட்டும் தூக்குவார். அந்த ஒரு காது போதும் இவருக்கு. அரை மணி நேரம் பேசுவார்.

நாய்க்கு என்ன 'தூக்குவார்' என்று நீங்கள் கேட்கலாம். 'தூக்கும்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சவரக் கத்தியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அன்றிலிருந்து நானும் மரியாதையாகத்தான் பேசுகிறேன்.

கவனிப்பு என்றால் அப்படி ஒரு கவனிப்பு. கோழியை வேகவைத்து, எலும்பைத் தன் கையாலேயே எடுத்து, காரட்டை மசித்துச் சேர்த்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் தட்டை வைப்பார். பஞ்சை நனைத்துக் கண்ணோரம் துடைப்பார். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே முடி வளர்ந்தால் வழவழப்பான தரையில் கால் வழுக்கும் என்று, மீசை நறுக்குகிற சின்னக் கத்தரியில் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். முடி வெட்டுகிற மெஷின் மட்டும் முதலாளியம்மாவுக்கு ஆகாது. கிர்ர் என்று அது கிளம்பியதும் எழுந்து, அவசரம் காட்டாமல், வீட்டுக்குள் போய்விடுவார். சத்தம் நின்றதும் திரும்பி வருவார். அதனால் மெஷினைக் கையில் எடுக்கும்போதே, "ஒரு நிமிஷம் உள்ள போயிட்டு வாங்க" என்று இவர் அனுமதி கேட்பது வழக்கம்.

இப்படி இருந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாள் மனஸ்தாபம் வந்துவிட்டது.

நகம் வெட்டும்போது நடந்தது. முதலாளியம்மாவின் நகங்கள் கறுப்பு. உள்ளே சதை எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. ஒரு மயிரிழை உள்ளே போய்விட்டது, ஒரு சொட்டு ரத்தம். எத்தனையோ பேருடைய கழுத்தில் கத்தி வைத்தும் கீறாத கை அது. பதறிப்போனவர், கைப் பழக்கத்தில் படிகாரக் கட்டியை எடுத்து நனைத்து அந்த விரலில் அழுத்திவிட்டார். சவரத்தில் கீறல் விழுந்தால் அதைத்தானே தேய்ப்பார்கள்? மனிதர்களுக்கே சுரீர் என்கிற சமாச்சாரம். முதலாளியம்மா முதல் வலிக்கு முனகியவர், இதற்கு வீலென்று கத்திவிட்டுக் காலை உருவிக்கொண்டு உள்ளே போனார். சலூன்காரர் படிகாரத்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அதற்குப் பிறகு கூப்பிட்டால் வருவதில்லை. முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறார். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி, "வந்துட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னாலும் தலையைத் தூக்குவதில்லை.

"முகம் குடுத்தே பேச மாட்டேங்கறாங்க, சார்" என்றார் என்னிடம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தாஜா. தட்டில் கோழி கூடியது. புதிய மெத்தை வந்தது. மன்னிப்பு நாள் முழுவதும் நடந்தது. என் தாடையைச் சாய்த்துப் பிடித்து கத்தியை வைத்துக்கொண்டே, மேஜைப் பக்கம் பார்த்து, "தெரியாம நடந்துபோச்சு. வேணும்னே செய்வேனா? அதுக்காக இப்படியா?" என்பார். கழுத்தில் கத்தி இருக்கும்போது சிரிக்கவும் முடியாது. முதலாளியம்மா கல்லு மாதிரி படுத்திருப்பார்.

"ஒண்ணு மட்டும் நல்லது, சார். மெஷின் பயம் விட்டுப்போச்சு. பக்கத்துல ஓட்டினாலும் அசையறதில்ல. வயசாச்சுல்ல, பக்குவம் வந்துடுச்சு" என்று ஒரு நாள் பெருமைப்பட்டுக்கொண்டார். கோபத்தையும் பக்குவத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். அவரும் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. படித்த மேதை, எனக்கும் தோன்றவில்லை.

வாரங்கள் போகப் போக மனிதரின் பேச்சு குறைந்தது. சாக்கடை இல்லை, மாப்பிள்ளை இல்லை. முழங்கால்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு கத்தியைப் பிடித்திருக்கும் சலூன்காரரைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். அந்த அம்மா தானாக வந்து ஒரு விஷயம் சொன்னால் அது பெரிய விஷயம்.

கண்டுபிடித்ததும் அந்த அம்மாதான். நான் நாற்காலியில் இருந்தேன். என் தலையில் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பாக்கி. உள்ளே சமையலறையில் அண்டா மூடி ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தது. கடையில் இருந்த நான் துள்ளிவிட்டேன். பிறகு யாரோ தட்டைக் கரண்டியால் தட்டுகிற சத்தம். மெதுவாக ஒரு தட்டு, பலமாக ஒரு தட்டு, அப்புறம் காது கிழிகிற மாதிரி. அந்த அம்மா கையில் தட்டும் கரண்டியுமாக நடு வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, அவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"கோவத்துக்கு டாக்டர் என்ன பண்ணுவாங்க?"

"கோவம் இல்லீங்க. காது கேக்கல."

"சும்மா இரு. தட்டு வெச்சா எழுந்து வராங்களே?"

"வாசனைக்கு வராங்க" என்றார் அந்த அம்மா. "பின்னால நின்னு இவ்வளவு தட்டறேன், காது நுனி அசையல."

சலூன்காரர் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தார். உள்ளே போய், முதலாளியம்மாவை அப்படியே இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதித் தலையோடு கடையில் தனியாக உட்கார்ந்து நான் என்ன செய்வது? கழுத்துத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

தெருக்கோடியில் கால்நடை மருத்துவமனை. டாக்டரம்மா முதுகுப் பக்கம் நின்று கைதட்டினார், சாவிக்கொத்தைக் குலுக்கினார், விளக்கு அடித்துக் காதுக்குள் பார்த்தார். "அழுக்கு, புண்ணு ஒண்ணும் இல்ல. வயசானா இப்படி ஆகும். கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வலி எதுவும் கிடையாது. ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். தூங்கும்போது திடீரென்று தொட்டால் மிரண்டு கடித்துவிடலாம், மூக்குக்கு நேரே கையைக் காட்டினால் வாசனையில் தானாக விழித்துக்கொள்ளும், இனிமேல் சைகையில் பழக்குங்கள் என்றும் சொன்னார். சலூன்காரர் எதையும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்போ... என் மேல கோவம் இல்லையே, டாக்டரம்மா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் என் பாதித் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"கோவமா? வந்ததுலேர்ந்து உங்க சட்டைக்குள்ளதான மூக்க வெச்சிட்டிருக்கா?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் கால் தரையில் பாவவில்லை. துணி தேய்க்கிறவரிடம் சொன்னார், மருந்துக் கடைக்காரரிடம் சொன்னார், அடையாளம் தெரியாத ஒருவரை நிறுத்தியும் சொன்னார். "கோவம் இல்லையாம்!" அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும்? நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடை வாசலுக்கு வந்ததும் நின்றார். முதலாளியம்மாவைக் கீழே இறக்கிவிட்டு, குனிந்தவர் நிமிரவில்லை.

"சார், அப்போ நான் இத்தனை நாளா மன்னிப்பு கேட்டது?"

எதற்கும் "ம்" சொல்லியே பழகியவன், அதற்கு "ம்" கூடச் சொல்ல முடியாமல் நின்றேன். அவர் கண் நிறைந்துவிட்டது. நாய் பூனை என்று உருகுகிற ஆள் இல்லை நான். இருந்தும் குனிந்து முதலாளியம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தேன். என் தலையின் மறுபக்கத்தை அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வெட்டி முடித்தார். அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று. நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் சைகைப் பாடம் நடக்கிறது. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் உட்கார வேண்டும், விரலை மடக்கினால் வர வேண்டும். சலூன்காரரின் மனைவிக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. "எனக்கு இது புதுசா என்ன? இந்த வீட்டுல நான் எப்பவும் கையாலதான் பேசறேன். வாயத் திறக்க இடம் எங்க கிடைச்சுது?" என்றார். சலூன்காரர்தான் திணறுகிறார். கையையும் ஆட்டி, கூடவே, "உட்காருங்க முதலாளியம்மா, இப்படி, என்னைப் பாருங்க" என்று முழுதாகச் சொல்லியும் தீர்க்கிறார். "கேக்காதுன்னு தெரியும், சார். பழக்கம் விட மாட்டேங்குது." கடையில் மாப்பிள்ளையும் சாக்கடையும் திரும்பிவிட்டன. ஆனால் பேச்சின் நடுவே அவ்வப்போது மேஜைப் பக்கம் பார்க்கிறார். கோபம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதில் பாதிதான் அவருக்கு நம்பிக்கை. மீதியை முதலாளியம்மா வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

போன வாரம் சவரத்துக்குப் போயிருந்தேன். ஒரு கன்னம் முடிந்தது, மறு கன்னத்தில் நுரை. கண்ணாடிக் கதவு வழியாக விழுந்த வெயிலில் முதலாளியம்மா நீட்டிப் படுத்து ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏறத் தரை சுடுமே என்று இவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேச்சை நிறுத்தினார். கத்தியை வைத்து, கையைக் கழுவித் துடைத்து, முழங்கால் வலியோடு மெல்ல மண்டியிட்டார். எழுப்பவில்லை, தொடவில்லை. நகம் வெட்டிய அந்த வலது கையை விரித்து, மூக்குக்கு நேரே தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

மூக்கு ஒருமுறை துடித்தது. மறுபடியும் துடித்தது. ஒரு கண் பாதி திறந்து கையைப் பார்த்தது. வால் தரையில் தட்டியது. பிறகு முதலாளியம்மா உடம்பை அரை அடி இழுத்துக்கொண்டு வந்து, தாடையைத் தூக்கி அந்த உள்ளங்கையில் முழுப் பாரத்தோடு வைத்து, பெருமூச்சு விட்டு, மறுபடியும் தூங்கிப்போனார்.

சலூன்காரர் அசையவில்லை. கையை எடுக்கவும் முடியாமல், எழுந்திருக்கவும் முடியாமல், மறு கையால் எட்டி, கதவுத் திரையை மட்டும் இழுத்து வெயிலை மறைத்தார். என் கன்னத்தில் நுரை காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் இன்னும்..." என்று வாயெடுத்தேன்.

சட்டென்று திரும்பிக் கண்ணை உருட்டி, விரலை உதட்டின் மேல் வைத்து, "உஷ்!" என்றார்.