நல்லபிள்ளை ஆபீசும் திங்கட்கிழமைச் சண்டையும்

என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஒரு ஆபீசுக்கு அனுப்பினார்கள். வினையே அங்கேதான் ஆரம்பம்.

சுவரெல்லாம் கறுப்பு சிவப்பும், களத்துமேட்டில் செங்கொடியுமாக இருந்த காலம். ஆட்சி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. அறுப்புக்கு வெளியூர் ஆள் இறக்கினார்கள் என்று வரப்பில் தகராறு. பண்ணையின் காரியக்காரரும் இவரும் கட்டிப் புரண்டார்கள். யார் முதலில் கை வைத்தது என்று கேட்டால் இன்றைக்கும் ஒருத்தரை ஒருத்தர் காட்டுவார்கள். கோர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு. முதல் தப்பு, அதனால் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு. மறுபடி கைகலந்தால் உள்ளே. நன்னடத்தை என்ற சொல் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. நல்லபிள்ளை ஆபீஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிகாரி கெடுபிடியான மனுஷர். பிடியை விட்டால் ஆள் கெட்டுப்போவான் என்று நினைக்கிறவர். வாரம் தவறாமல் திங்கட்கிழமை டவுனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இரண்டு பேருக்கும் அதே திங்கள், அதே பஸ், அதே பெஞ்சு.

ஊரில் இருந்தால் இவர் சேற்றில் கிடப்பார், அவர் பண்ணைவீட்டில் கிடப்பார். ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கவே வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் முழித்தே தீர வேண்டும். காரியக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி, "சில பேர ஏத்துனா பஸ்ஸுல சேறு ஒட்டும்யா" என்பார். இவர் பின்னாலிருந்து, "அந்தச் சேத்துலதான்யா ஒன் சோறு வெளையுது" என்பார். பெஞ்சுக்குப் போனதும் தோளும் தோளும் இடிக்கும். ஒரு தடவை சட்டைப்பை கிழிந்து வந்தார். பியூன் ஓடிவந்து விலக்கினாராம். அதிகாரி, "இனிமே சத்தம் கேட்டா கோர்ட்டுக்கு எழுதிருவேன்" என்று மிரட்டிவிட்டு, இரண்டு பேரையும் வியாழக்கிழமையும் வரச் சொன்னார். வாரம் ஒன்றாக இருந்த சண்டை இரண்டாயிற்று.

அடுத்த திங்கள் போனால் அடித்துக்கொண்டு உள்ளே போவார். போகாவிட்டால் வரவில்லை என்று உள்ளே போவார். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியிருந்தது. நான்தான் நிறுத்தினேன். "நீங்க நாத்துக்கட்டு சுமங்க. வர்றத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். நடவு நடக்கும்போது புது ஆள் வரப்பில் வந்தால், பெண்கள் நாற்றுமுடியைக் காலடியில் போட்டுக் குலவையிட்டு மறிப்போம். ஏதாவது கொடுத்தால்தான் வழி. இவர் போகாத அந்தத் திங்களுக்கு மறுநாள் பேண்ட்டும் பூட்சுமாக ஒருத்தர் வந்தார். யாரோ என்ஜினீயர் என்று நினைத்து மறித்தோம்.

"நான் கவர்மெண்ட் ஆளும்மா. குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது."

என் நாத்தனார் விடுவாளா? "அப்ப எறங்கி ஒரு முடி நடுங்க. அதுக்கும் சட்டம் இருக்கா?"

மனுஷர் சிரித்துக்கொண்டே பூட்சைக் கழற்றி இறங்கினார். முழங்கால் வரை புதைந்தார். அவர் நட்ட நாற்றில் பாதி உடனே மிதந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கையில், நாற்றுக்கட்டோடு வந்த என் வீட்டுக்காரர் கட்டைத் தொப்பென்று போட்டார். "ஆபீசரு" என்றார். சிரிப்பு அப்படியே நின்றது.

"நேத்து ஏன்யா வரல?" சேற்றில் நின்றபடியே கேட்டார் அதிகாரி. நான் முன்னால் போனேன்.

"நாந்தாங்க நிறுத்துனேன். ஊருக்குள்ள இவங்க சண்ட போட்டு மாசக்கணக்கா ஆவுதுங்க. ஒங்க பெஞ்சுல உக்காந்துதான் போடுறாங்க. சேவல் ரெண்டையும் நீங்களே புடிச்சு எதிர எதிர விட்டுட்டு, ஏன் கொத்துதுன்னு கேட்டா எப்புடிங்க?"

"திருந்தக் கொஞ்சம் நேரம் குடுங்கய்யா" என்றாள் நாத்தனார். "கையெழுத்துப் போடவே பொழுது சரியா இருக்கு."

அதிகாரி ஒரு எட்டு வைக்கப் பார்த்தார். காலை உருவிக்கொண்டு போகவும் முடியவில்லை, பாவம். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். "மொதல்ல என்னைத் தூக்கி விடுய்யா" என்றார். வரப்பேறியதும் சொன்னார்: "இனி மாசம் ஒரு தடவை வந்தாப் போதும். நீ மொத வாரம், அவரு மூணாவது வாரம். நடுவுல நானே இந்தப் பக்கம் வந்து பாத்துக்கறேன்."

கண்காணிப்பு முடிகிற மட்டும் இரண்டு பேரும் ஒரு அடி அடித்துக்கொள்ளவில்லை. கூலித் தகராறு தீர்ந்ததா என்றால் இல்லை. பேசினோம், பேசித் தீராததற்குக் கொடி பிடித்தோம். கை மட்டும் நீளவில்லை.

ஆனால் அடுத்து வந்த திங்கட்கிழமை இருக்கிறதே. காலையில் தலைவாரி, வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார் இவர். போவதற்கு இடமில்லை.

"அவன் இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பான்?" என்றார்.

"எவன்?"

"காரியக்காரன்தான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தேன். "ரொம்ப ஏக்கமா இருந்தா சொல்லுங்க, கூட்டியாரச் சொல்றேன்" என்றேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வாய்க்கால் வெட்டப் போனார்.