பிரின்சியிடம் நான் கொடுத்த சிவப்புப் பேனா

ஆம்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் வாழ்த்திப் பேசியவர்கள், என்னால் சிறந்த பிள்ளைகள் என்று சில பெயர்களை அடுக்கினார்கள். அவற்றுள் பிரின்சியின் பெயரும் இருந்தது. இருந்திருக்கக் கூடாது என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தேன். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

1. கை கழுவும் படம்

பிரின்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அவள் தாய் கலா வந்தது ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். கலா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்பவர். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, கம்பெனிக் கோட்டுடனேயே வந்திருந்தார். நான் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். குழந்தை சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு வரி விளக்கம்.

"மிஸ், இதுல தண்ணில அலசிட்டாங்க. அதுக்கப்புறம் சோப்பு போட்றாங்க" என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு படங்கள் இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தன. நான்கு ஆண்டுகளாக அவை அப்படியே இருந்தன. நாள்தோறும் நானும் அவற்றைக் கடந்து சென்றேன். ஆய்வுக்கு வந்த அலுவலர்களும் கடந்து சென்றார்கள். ஐந்து வயதுக் குழந்தை விளக்கத்தை வாசித்து, அது சொல்வதையும் யோசித்திருக்கிறாள்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். கலா ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போலத் தயங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆராதனையின்போது பாட்டுப் புத்தகத்தின் வரிகளில் விரலை ஓட்டிக் காட்டுவாராம். அவ்வளவுதானாம்.

மறுநாள் படங்களை உரித்து முறையாக ஒட்டினேன். பிரின்சியின் பொருட்டு அந்தப் பள்ளியில் நான் எதையேனும் மாற்றினேன் என்றால், அது அந்த இரண்டு படங்கள் மட்டுமே.

2. குட்டி மிஸ்

சரவணன் என் சக ஆசிரியர். என்னைவிட இருபது வயது இளையவர். அவ்வாண்டு ஜூலை முதல், வாரத்தில் மூன்று நாட்கள் அவரைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். அந்நாட்களில் ஐந்து வகுப்புகளும் என் பொறுப்பு. நடுக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஓர் அறையில் கணக்கை எழுதிப்போட்டுவிட்டு மறு அறைக்கு ஓடுவேன். இடையில் சத்துணவுப் பதிவேட்டை எழுத வேண்டும்; கைப்பேசியில் வருகையைப் பதிவேற்ற வேண்டும்.

ஈராசிரியர் பள்ளிகளில் இத்தகைய நெருக்கடிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பாடத்தை முதலில் முடித்த பிள்ளையைப் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்காரவைப்போம். பழைய நாளில் சட்டாம்பிள்ளை என்றார்கள். நாங்கள் சென்ற பயிற்சி வகுப்புகளில் சக மாணவர் உதவி என்றார்கள். எப்பெயரிட்டு அழைத்தாலும், ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துவதே அது.

ஒன்றாம் வகுப்பின் ஆகஸ்ட் மாதத்திலேயே பிரின்சியை அப்படி நிறுத்தினேன். அவள் திறம்படச் செய்தாள். ஒருநாள் நடுக்கதவின் அருகே நின்று கேட்டேன்.

"டேய் கிஷோரு, அஞ்சத் திருப்பிப் போடாத. மூணு வாட்டி சொல்லிட்டேன். எனக்குப் பேஜாரா இருக்குது."

சொல்லிவிட்டு, தான் அணியாத மூக்குக் கண்ணாடியை விரலால் மேலே ஏற்றிக்கொண்டாள். அது என் பழக்கம். நான் சிரித்துவிட்டேன். அன்று முதல் பிள்ளைகள் அவளைக் குட்டி மிஸ் என்றழைக்கத் தொடங்கினார்கள்.

அவள் பென்சிலால் போட்டுக்கொடுத்த சரிக்குறிகளைக் கிஷோர் ஏற்கவில்லை. பென்சில் டிக் செல்லாது என்று என்னிடம் முறையிட்டான். என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஏதேனும் ஒரு சிவப்புப் பேனா அவளிடம் இருந்துகொண்டே இருந்தது.

அவளுடைய நோட்டும் மற்றவர்களுடையதைப் போல என்னிடம் வரும். "மிக நன்று" என்று எழுதுவேன், தேதியிடுவேன், அடுத்த நோட்டை எடுப்பேன்.

3. அரைவட்டம்

ஒன்று, இரண்டு, ஐந்தாம் வகுப்புகள் ஓர் அறையில் இருந்தன. கிழக்குச் சுவர்க் கரும்பலகை சிறியவர்களுக்கு. மேற்குச் சுவர்க் கரும்பலகை ஐந்தாம் வகுப்புக்கு. பிள்ளைகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருப்பார்கள்.

பிரின்சி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, சரவணன் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டதும், மேற்குச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பிரின்சி விடையை முணுமுணுத்தாளாம். கரும்பலகையை அவள் பார்க்கவே இல்லை. காதால் கேட்டதை வைத்தே கணக்கிட்டிருக்கிறாள். மதிய உணவின்போது அவர் என்னிடம் வந்தார்.

"மேடம், அந்தப் பொண்ண தினம் ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் திருப்பி உக்கார வெச்சா போதும். புது புக்கு கூட வேணாம். ஒரு அரை ரவுண்டு, அவ்ளோதான்."

"அப்ப ஒண்ணாங் கிளாஸ யாரு பாத்துக்கறது, சரவணன்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்துபோனார். அக்கேள்விக்கு விடை நான்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதே ஆண்டு ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர், பிரின்சியிடம் செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் தடையின்றி வாசித்தாள். அலுவலர் மகிழ்ந்து பார்வைக் குறிப்பேட்டில் பள்ளியைப் பாராட்டி ஒரு பத்தி எழுதினார். அவள் வாசிக்கத் தெரிந்தே வந்தவள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆய்வுக்கும் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

4. ஒரே சீட்

பிரின்சி மூன்றாம் வகுப்புக்கு வந்தபின், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்று முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். கலா மட்டும் நின்றார். மகள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை என்றார். இன்று என்ன படித்தாய் என்று கேட்டால், நான் படிக்கவில்லை, சொல்லிக்கொடுத்தேன் என்கிறாளாம். இன்னும் கடினமாக ஏதேனும் கொடுக்கலாகாதா என்று கேட்டார்.

சொல்லிக்கொடுப்பதும் ஒரு படிப்புதான் என்றேன். அது பாதி உண்மை. கலா சிரித்துக்கொண்டே, தம் கம்பெனிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் ஒம்போது வருஷமா ஒரே சீட்ல உக்காந்துனு இருக்கேன் டீச்சர். கை ஸ்பீடுன்னு அதே மெஷின்ல வெச்சிட்டாங்க. என்ன மாத்துனா டார்கெட்டு கம்மி ஆயிடும். என்கூட சேந்தவ ஒருத்தி, அவளுக்குத் தையலே சரியா வராது. இங்க உக்கார வெச்சுப் பாத்தாங்க, அங்க உக்கார வெச்சுப் பாத்தாங்க. எல்லா மெஷினும் கத்துக்கினா. இப்ப அவதான் எங்க லைனுக்கு சூப்பர்வைசரு."

நானும் சிரித்தேன். கலா சிரிப்பை நிறுத்தினார்.

"எம் பொண்ண அப்படி உக்கார வெச்சிடாதீங்க டீச்சர்."

வயதுக்கேற்ற வகுப்பு என்ற விதியைச் சொன்னேன். குழந்தையை அவசரப்படுத்தலாகாது என்றேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றேன். அவர் வகுப்பைத் தாண்டச் சொல்லிக் கேட்கவே இல்லை. கேளாத ஒன்றை மறுத்து, கேட்டதைக் கடந்துவிட்டேன். "உங்களுக்குத் தெரியாததா டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எளிதில் சமாதானமாகிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஆண்டு வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. பிரின்சி ஐந்தாம் வகுப்பை முடித்த ஆண்டில் நான் ஓய்வு பெற்றேன்.

5. வெறும் தாள்

நான் ஓய்வு பெற்றபின் வந்த அரையாண்டுத் தேர்வு முடிந்து, நகரத்துப் பள்ளியின் கணித ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஆறாம் வகுப்பில் பிரின்சி அவரிடம் படிக்கிறாள். தெரிந்த வினாக்களுக்குப் பிழையின்றி எழுதியிருக்கிறாள். சற்றே யோசிக்க வேண்டிய வினா வந்தால் அப்படியே விட்டிருக்கிறாள். வினா எண்ணைக்கூட எழுதவில்லை. இப்போது கணிதத் தேர்வு நாட்களில் வயிற்றுவலி என்று பள்ளிக்கே வருவதில்லை.

"தப்பு இருந்தா நான் திருத்துவேன் மேடம். வெறும் பேப்பர இன்னா பண்றது? சின்ன வயசுல எப்படி இருந்தா?"

மிக நன்றாக இருந்தாள் என்றேன். என் சொல்லே என் காதில் சரியாக ஒலிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரின்சியின் வீட்டுக்குப் போனேன். கலா தேநீர் கொடுத்துவிட்டு, மகளின் பழைய நோட்டுகளை ஒரு பையிலிருந்து எடுத்து என் முன் வைத்தார். ஒன்றைக்கூட எடைக்குப் போட்டிருக்கவில்லை.

"எல்லாத்துலயும் மிக நன்றுன்னுதான் போட்டிருக்கீங்க. அப்புறம் எப்படி டீச்சர் இப்படி ஆவும்?"

குற்றம்சாட்டும் குரல் அன்று. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். விடை சொல்ல நேரம் தேடி, ஒரு நோட்டைப் புரட்டினேன். மூன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டு. "எங்கள் ஊர்" என்ற தலைப்பின் கீழ் அவள் எழுதியிருந்தாள்:

"எங்கள் ஊரில் பாலாறு உள்ளது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. மிஸ் இதைப் படிக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஷூ கம்பெனிகள் உள்ளன."

அதன் குறுக்கே நீண்ட சரிக்குறி. அடியில் என் கையெழுத்தில் "மிக நன்று". தேதியும் இருந்தது.

அடுத்தடுத்த கட்டுரைகளைத் தேடினேன். அத்தகைய வரி வேறெங்கும் இல்லை. ஒருமுறை சோதித்தாள், அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

பிரின்சி கதவருகில் நின்று நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமாகிவிட்டிருந்தாள். அருகே அழைத்து உட்காரவைத்தேன். தேர்வில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தெரியலன்னா இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியல மிஸ். மத்த பசங்களுக்கெல்லாம் தெரியுது."

ஐந்து ஆண்டுகளாக அவள் மற்றவர்களின் தவறுகளையே பார்த்தாள். சிவப்புப் பேனா அவள் கையில் இருந்தது. ஐந்தைத் திருப்பிப் போட்ட கிஷோர் அழித்தான், மீண்டும் எழுதினான், திட்டு வாங்கினான், நான்காம் முறை சரியாக எழுதினான். தெரியாமையிலிருந்து வெளியேறும் வழியை அவன் ஆறு வயதில் கற்றான். அதை அவனுக்குக் கற்பித்தவளுக்கு அவ்வழியில் நடக்க ஒருநாளும் வாய்க்கவில்லை.

அவளுடைய தேர்வுத்தாளை வாங்கி, அவள் விட்டிருந்த ஒரு கணக்கை எடுத்தேன். ஒரு கம்பெனி வாசலில் மோட்டார் சைக்கிள்களும் மூன்று சக்கர ஆட்டோக்களுமாக இருபது வண்டிகள் நிற்கின்றன. மொத்தம் நாற்பத்தெட்டுச் சக்கரங்கள். ஆட்டோக்கள் எத்தனை? எனக்கும் உடனே விடை தெரியவில்லை. அதை அவளிடம் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள், நம்பவில்லை.

ஏதேனும் ஓர் எண்ணை எழுது, தவறாக இருந்தாலும் இருக்கட்டும் என்றேன். பென்சிலைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பத்து ஆட்டோ, பத்து மோட்டார் சைக்கிள் என்று எழுதினாள். சக்கரங்களைக் கூட்டினாள். ஐம்பது வந்தது.

வந்தவுடன் ரப்பரை எடுத்தாள். அழிக்காதே, அதிலேயே வழி இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாள் வெள்ளையாகிவிட்டது. இரண்டே சக்கரங்கள்தாம் மிகுதி. இரண்டு ஆட்டோக்களை நீக்கி இரண்டு மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினால் முடிந்தது. அந்தத் தவறான ஐம்பதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க அவளால் இயலவில்லை.

இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விரைந்து கற்கும் பிள்ளை உங்கள் வேலையைக் குறைக்க வந்தவள் அல்லள். ஒரு பிள்ளையின் நோட்டில் ஒரு மாதம் முழுவதும் ஒரு தவறும் இல்லையென்றால், அந்த மாதம் அவளுக்கு நீங்கள் ஒன்றும் கற்பிக்கவில்லை என்று பொருள். அவளைப் பாராட்டுவதற்கு முன் அவள் எழுதியதைப் படியுங்கள். அவளால் முடியாத ஒன்றைத் தேடிக் கொடுங்கள். அதனோடு அவள் திணறும்போது பக்கத்தில் இருங்கள். எனக்கு அதற்குத் தேவைப்பட்டது ஓர் அரைவட்டத் திருப்பம் மட்டுமே.

இப்போது ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போகிறேன். பென்சிலும் ரப்பரும் ஒரு நோட்டும் கொண்டுபோகிறேன். சிவப்புப் பேனா கொண்டுபோவதில்லை. முதல் விடையை எழுத இப்போது அவள் முன்போல் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தவறென்று தெரிந்த அக்கணமே அவள் கை ரப்பரைத் தேடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ரப்பரை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அவள் விரலை எச்சிலால் நனைத்து அழித்தாள், தாள் கிழிந்துவிட்டது.