ஊரே குப்புற விழுந்தது

உலக யுத்தம் முடிந்து பட்டாளத்தைக் கலைத்து எங்களை வீட்டுக்கு அனுப்பிய வருஷம், பங்குனி மாதம். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் விளைகிற சின்ன ஊர் எங்களுடையது. மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டியிருந்தார்கள். பூச்சாட்டினால், அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் கடைசி நாள் வரைக்கும் தினமும் சாயங்காலம் பூசை உண்டு. தீபாராதனை காட்டும்போது இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து வேட்டுப் போடுவார்கள். அந்த வேட்டுத்தான் எனக்கு வினையாக வந்தது.

எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நான். நாலெழுத்து இங்கிலீஷ் தெரியும் என்பதால் பட்டாளத்தில் என் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமல் கம்பியில்லாத் தந்தி யந்திரத்தைக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பர்மாக் காட்டில் அலைந்தேன். நான் யாரையும் சுட்டதில்லை. என்னைத்தான் சுட்டார்கள். நல்ல வேளை, ஒன்றும் என் மேல் படவில்லை. படவில்லை என்றுதான் ஊர் வந்து சேரும்வரை நினைத்திருந்தேன்.

வந்த மறுநாள் சமையல்கட்டில் அம்மா பித்தளைத் தட்டைக் கீழே போட்டாள். அடுத்த கணம் நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. "என்னடா பண்றே?" என்று அம்மா குனிந்து பார்த்தாள். செருப்பைத் தேடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு கதவு அறைந்தாலும், குடம் விழுந்தாலும், பக்கத்து வீட்டுக் கடப்பாரை கல்லில் பட்டாலும் நான் செருப்பைத் தேடினேன். செருப்பு ஓயாமல் தொலைந்து போகிறதே என்று அப்பா புதுச் செருப்புத் தைத்து வாங்கிக் கொடுத்தார். அப்படியும் தேடினேன். பிறகு பித்தம் என்று முடிவு கட்டி எனக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். அது தன் வேலையைச் செய்தது. என் வியாதியை மட்டும் தொடவில்லை.

வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. காரணம் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை ஒன்று காலியாக இருந்தது. எனக்கு அது உயிர். பட்டாளத்தில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று யோசித்தே பல நாட்களைத் தள்ளியவன் நான். பள்ளிக்கூடத்து மேனேஜர் பெரிய பண்ணையக்காரர். கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான். போய்க் கேட்டேன். பொங்கல் முடியட்டும் என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பட்டாளத்துல இருந்து வாரவங்களுக்குச் சில சமயம் தலை நெலையா இருக்கறதில்லைம்பாங்க. உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்று அடித்துச் சொன்னேன்.

பூச்சாட்டின் முதல் நாள் சாயங்காலம் ஊரே கோயில் வாசலில் நின்றது. தலையெடுத்த பையன் வராமல் இருந்தால் கேள்வி வரும். அதனால் போனேன். வேட்டுப் போடுகிற இடம் முன்னால் இருக்கும் என்று நினைத்துக் கடைசி வரிசையில் நின்றேன். பின்னால் வைத்திருந்தார்கள்.

பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்கினார். வேட்டு வெடித்தது. நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன். அதுவாவது பரவாயில்லை. விழும்போது பக்கத்து ஆளையும் இழுத்துக்கொண்டு விழ வேண்டும் என்பது பட்டாளத்துப் பழக்கம். என் கை என்னைக் கேட்காமலே பக்கத்தில் நின்றவரின் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துவிட்டது. கண்ணைத் திறந்தால், சரிகைத் தலைப்பாகை ஒரு பக்கம் உருள, வேட்டைக் கவனிக்கப் பின்னால் வந்திருந்த மேனேஜர் என்னோடு மண்ணில் கிடந்தார்.

மேளம் நின்றது. ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. முடிந்தது நம் பிழைப்பு என்று நினைத்தேன்.

அப்போது என் இடது பக்கம் தொப்பென்று இன்னொரு ஆள் விழுந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. முப்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். அவளுடைய கோழிகள் நாங்கள் காயப்போட்ட மஞ்சளைக் கிளறியதிலிருந்து அவளுக்கும் என் அம்மாவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பெண்பிள்ளைகள் மண்டியிட்டுக் கும்பிடுவதுதான் வழக்கம். இவள் ஆம்பிளை மாதிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே! மாரியாத்தா!" என்று ஊர் அதிரக் கத்தினாள். பிறகு தலையை மட்டும் தூக்கி, "என்னத்தை வேடிக்கை பாக்கறீங்க? தர்மகர்த்தாவே உழுந்து கும்புடறாரு, நீங்க மரமாட்ட நிக்கறீங்க! உழுந்து கும்புடுங்க!" என்று அதட்டினாள்.

அவளுடைய வாய்க்கு அந்த ஊரில் எதிர்வாய் கிடையாது. ஒவ்வொருவராக எல்லோரும் விழுந்தார்கள். எழுந்தபோது மேனேஜர் மூக்கில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லது, நல்லது" என்றார். வேறென்ன சொல்ல முடியும்?

மறுநாள் வேட்டு வெடித்ததும் ஊரே விழுந்தது. மூன்றாம் நாள் விரித்துப் படுக்கத் துண்டு கொண்டுவந்தார்கள். முட்டி வலிக்காரர்கள், வெடித்த பிறகு அவசரமாக விழுவது சிரமம் என்று முன்கூட்டியே படுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் குறட்டையே விட்டார். பூசாரிக்குத்தான் கோபம். "தீவாரனை காட்டினாப் பாக்கறதுக்கு ஒரு ஆளில்லை. நான் காட்டறது ஆத்தாளுக்கா, உங்க முதுகுக்கா?" என்று தினமும் கேட்டார். ராசிபுரத்திலிருந்து விருந்துக்கு வந்த ஒருவர் இதென்ன புதுசாக இருக்கிறதே என்று விசாரித்ததற்கு, எங்கள் ஊர்க்காரர் கொஞ்சமும் கூசாமல், "பாட்டன் பூட்டன் காலத்து வழக்கமுங்க" என்றார்.

என் பாடு வேறு விதமாகத் திண்டாட்டமானது. என்னை முதல் பக்தனாக்கிவிட்டார்கள். அம்மன் முதலில் இறங்கியது என் மேல்தானாம். ஒருவர் சினை பிடிக்காத எருமையை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, "ஒரு வாக்குச் சொல்லு சாமி" என்றார். எருமை என்னைப் பார்த்தது. நானும் எருமையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இதற்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பொய்ப் பக்தியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் போய் வாத்தியாராக நிற்பதா? வேலை போனாலும் போகட்டும், மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வேகவைத்த மஞ்சளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். தினமும் வேட்டுப் போடும்போது எனக்குப் பக்கத்தில் வந்து விழுகிறவள் அவள். முதலில் அவளிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அக்கா, எனக்கு பக்தியெல்லாம் இல்லீங்க. வேட்டுச் சத்தத்துக்குப் பயந்துதான் உழுகறேன்."

அவள் கையை நிறுத்தவில்லை. "தெரியும் போ. கொடம் உழுந்தாக் கட்டலுக்கடியில பூந்துக்கறவனுக்குப் பக்தியாமா? ஆத்தா என்ன உங்க ஊட்டுக் கட்டலுக்கடியிலயா குடியிருக்கறா?"

தெரிந்தா இத்தனை கூத்தும் என்று கேட்டேன்.

அவள் ஒரு கோழியை விரட்டிவிட்டுச் சொன்னாள். அவளுடைய அண்ணன் முதல் உலக யுத்தத்தில் கடல் தாண்டி பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவராம். அவரும் இதே கோயிலில் வேட்டுச் சத்தத்துக்கு இப்படித்தான் விழுந்தாராம். அன்றைக்கு ஊரே சிரித்ததாம். பையன்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனார்களாம். அவர் வெளியே வருவதையே விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனவர்தான்.

"நானும் சிரிச்சேன், கண்ணு" என்றாள். "சின்னப் புள்ளை. என்ற அண்ணன் தவக்களையாட்ட உழுகறான்னு கை கொட்டிச் சிரிச்சேன்."

மஞ்சளை ஒரு தடவை புரட்டிவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தகரம் தட்டுனதுல மொத ஆளு ஆருன்னு நெனைக்கறே? நீ இழுத்துப்போட்டியே, அந்தத் தலைப்பாக்காரருதான்" என்றாள்.

எப்படி நடந்து மேனேஜர் வீட்டுக்குப் போனேன் என்று தெரியவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, கட்டில், செருப்பு, ஒன்றையும் மறைக்கவில்லை. தலை நிலையாக இல்லைதான், நான் சொன்னது பொய்தான் என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல மணிக்குத் தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்குதில்ல" என்றார் கடைசியில். "அது இடி உழுந்தாப்பல கேக்கும். நேத்தே கழட்டிப்போடச் சொல்லிட்டேன். இனிமேப் புள்ளைங்களைக் கையைத் தட்டிக் கூப்புட்டுக்க. பொங்கல் கழிச்சு வந்து சேரு."

வாசல் வரைக்கும் வந்தவர், "உங்க பக்கத்து ஊட்டு அம்மாளுகிட்ட..." என்று ஆரம்பித்தார். சொல்லி முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

பொங்கலன்று கடைசி வேட்டு எல்லாவற்றையும்விடப் பெரிசு. எல்லோரும் விழுந்தோம். கண்ணைத் திறந்தால், அக்காவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கிடந்தார். அன்றைக்கு அவரை யாரும் இழுக்கவில்லை.

அந்த அண்ணன் இன்றுவரை திரும்பி வரவில்லை. நான் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன், கையைத் தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறேன். வேட்டுச் சத்தம் கேட்டால் இப்போதும் உடம்பு நடுங்கத்தான் செய்கிறது, ஆனால் ஒளிந்துகொள்ளத் தோன்றுவதில்லை. சண்டையிலிருந்து திரும்புகிறவனுக்குத் தன்னிடம் இருக்கும் தைரியம் மட்டும் போதாது, அவன் குடியிருக்கும் தெருவுக்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும் என்பதை, வாயில் மண்ணோடு கிடந்த அந்தப் பங்குனியில்தான் நான் படித்தேன்.