பச்சை வலை போன குட்டை

விருத்தாசலத்துக்கு வெளியே, பீங்கான் கம்பெனிகளுக்காகக் களிமண் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில்தான் அப்போது எனக்கு வேலை. கோடை மழையில் அவற்றில் தண்ணீர் நின்றதும் தவளைகள் முட்டையிடும். முன்பெல்லாம் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும்வரை அந்தத் தண்ணீர் தாங்குமாம். இப்போது அதற்குள் சூடேறி வற்றிவிடுகிறது. மேலே நிழல் போட்டால் பிழைக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு குட்டையை வெயிலில் அப்படியே விட்டேன். பக்கத்துக் குட்டையின் மேல், நர்சரிகளில் போடுவார்களே, அந்தப் பச்சை வலையைக் கட்டினேன். முந்தைய வருஷங்களில் மழை ஏமாற்றியிருந்தது. அந்த முறைதான் முட்டைகள் நன்றாகப் பொரிந்திருந்தன.

ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் வலையைக் காணோம். கம்புகள் மட்டும் நின்றன. தண்ணீரில் கையை விட்டேன், சுட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ரோட்டோரத்து வீடுகளில் விசாரிக்கப் போனேன்.

முதல் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலேயே வலை கிடந்தது. கைக்குழந்தையோடு வெளியே வந்த பெண்ணுக்கு என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“உங்களுதாக்கா? யாரோ வேணாம்னு வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு எங்க வூட்டுக்காரரு எடுத்தாந்துட்டாருங்க. உள்ள வந்து பாருங்க, வூடு அடுப்பு மாதிரி இருக்குது. இதப் போட்டதுக்கப்புறந்தான் புள்ள தூங்குது. சாயங்காலம் அவரு வந்ததும் கழட்டித் தரச் சொல்றேன்.”

குழந்தையின் கழுத்து முழுக்க வேர்க்குரு.

“வேணாம்மா, இருக்கட்டும்” என்றேன். அந்த வருஷத்து வேலை அதோடு போயிற்று என்பது ரோட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கடைவீதியில் அந்த அகலத்துக்கு வலை கிடைக்கவில்லை. வழிகாட்டியாக இருந்த பேராசிரியைக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அந்தக் குட்டைய விட்டுடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார்.

“மழை பெய்யணுமே மேடம்.”



மறுநாள் காலை ஒரு பக்கெட்டோடு போனேன். தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை செத்து ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. உயிரோடு துடித்தவற்றை அள்ளிக்கொண்டு போய், நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை ஒன்றின் மோட்டார் தொட்டியில், கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு விட்டேன். ஆராய்ச்சிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவற்றில் எத்தனை தவளையாயின என்றும் தெரியாது.

நான் குடியிருந்தது ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது என் ஸ்டாப்பைத் தாண்டி ஸ்ரீமுஷ்ணமே வந்திருந்தது.